ஒரு சுற்று அதிகம்

சரியாக விழுந்த முடிச்சைத் தவறு என்று சொன்னேன்.

பார்த்த கண் என்னுடையது. பொய்த்த நாவும் என்னுடையது. என்னை வற்புறுத்தியவர் எவருமில்லை. அந்த ஒரு சொல்லால் ஒரு மனிதன் கப்பலேறினான். அவன் பெயர் ஓபுலு.

பழவேற்காட்டில் என்னைத் தெரிந்தவர்களைக் கேட்டால், என்னைப் பற்றி வேறு கதை சொல்வார்கள். பஞ்ச காலத்தில் பதினெட்டு உயிர்களைக் காத்த துபாசி என்பார்கள். அதுவும் உண்மைதான்... அதுதான் கொடுமை! அந்தப் பதினெட்டுப் பேரை நினைக்கும்போது இன்றும் என் நெஞ்சு நிமிர்கிறது. நிமிர்ந்த நெஞ்சுக்குள் பத்தொன்பதாவது ஆள் உட்கார்ந்திருக்கிறான்.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. தெரியாதவரிடம் சொல்வதே பொருத்தம் என்று எண்ணுகிறேன். முன்பின் அறியாத மனிதருக்காக முன்பின் அறியாத மனிதர் செய்த காரியம் இது. அதில் நான் புகுந்து செய்ததை, என்னை அறியாத ஒருவரே கேட்கட்டும்.

நான் காஞ்சிபுரத்துப் பக்கத்தவன். தருக்கமும் நீதிநூலும் ஆறு ஆண்டுகள் கற்றுத் தேறியவன். பிறகு இந்தத் துறைமுகத்துக்கு வந்து, ஒல்லாந்தர் மொழியும் பறங்கியர் மொழியும் பழகி, ஒல்லாந்தர் கோட்டையில் துபாசியாக அமர்ந்தேன். அவர்கள் கேட்பதைத் தமிழில் கேட்பதும், தமிழில் வரும் விடையை அவர்கள் மொழியில் சொல்வதும் என் வேலை. எந்தச் செயலையும் செய்வதற்கு முன் அதன் விளைவை நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பது நான் கற்ற கல்வியின் சாரம். அந்தத் தராசைப் பற்றி எனக்கு இருந்த பெருமையை இப்போது எண்ணிப் பார்க்கிறேன்!

இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து மழை பொய்த்தது. மேற்கே நெல் விளைந்த ஊர்களிலிருந்தும், ஏரியின் வடகரைக்கு அப்பாலிருந்தும் மக்கள் நடந்து வந்தார்கள். சுண்ணாம்புக்குளம் வழியாக வந்தவர்களில் பாதிப்பேர் தமிழ் பேசினார்கள், பாதிப்பேர் தெலுங்கு. பசி மட்டும் ஒரே மொழியில் இருந்தது.

அந்தச் சமயத்தில் துறைக்கு வெளியே ஒரு கப்பல் நங்கூரமிட்டு நின்றது. அதன் வணிகன் கரையில் ஒரு நீண்ட கொட்டகை போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் கஞ்சி ஊற்றினான். கஞ்சி குடித்தவர் ஓர் ஓலையில் கீறல் இட வேண்டும். கீறியவர் கொட்டகையை விட்டு வெளியே வர முடியாது. அந்த ஓலை எந்தக் கரைக்குக் கொண்டுபோகும் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்: அது அடிமை ஓலை.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள மணல்திட்டில் ஒரு மீனவர் குப்பம் இருந்தது. அங்கிருந்து செங்கேணி என்பவள் என் வீட்டுக்கு மீன் கொண்டுவருவாள். நாற்பது வயதிருக்கும். உடன்பிறந்தவர் எவருமில்லாதவள். வலை பின்னுவதில் அவள் கைக்கு நிகரான கை அந்தக் கரையில் இல்லை என்பார்கள். ஒரு காலை அவள் கூடையை இறக்காமலே கேட்டாள்.

“இன்னா துபாசி ஐயா, அந்தக் கொட்டாயில கீறவங்கள எங்க இட்டுகினு போறாங்க?”

“கடல் தாண்டி.”

“எப்போ திரும்புவாங்க?”

இல்லை என்று தலையசைத்தேன். அவள் கூடையைத் தரையில் வைத்தாள்.

“போனவன் திரும்பி வருவான்னுதான் நாங்க கரையில நிக்கிறோம். திரும்பாத கடலு இன்னா கடலு?”

விதி ஒன்று இருப்பதை அவளிடம் சொன்னேன். இந்தத் துறையின் குடிகளையும், அக்குடிகளின் உறவினரையும் கப்பலேற்றக் கூடாது. உறவினர் கோட்டை வாசலுக்கு வந்து உரிமை கோரினால், விசாரித்து விடுவிக்க வேண்டும். வெறும் தகவலாகத்தான் சொன்னேன்... அப்படித்தான் அன்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

“அப்ப ஒறவுனு சொன்னா வுட்ருவாங்க?”

“உறவாக இருந்தால் விடுவார்கள். இல்லாததைச் சொன்னால் அது பொய்யல்லவா?”

“இன்னிக்குப் பொய்யி. நாளைக்கு எங்கூட்டுல குந்திக் கூழு குடிச்சா அப்புறம் எப்டிப் பொய்யாவும்?”

ஆறு ஆண்டுகள் தருக்கம் படித்தவன் நான். அந்தத் தருக்கத்தை எந்த நூலிலும் படித்ததில்லை!

அந்தக் குப்பத்தின் வழக்கம் ஒன்றை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். ஏரியில் இறால் விழும் இடங்கள் சிலவே. அவற்றில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வார்கள். ஒவ்வொரு வீட்டின் அடையாளமும் கீறிய ஓலைத்துண்டுகளைப் பானையில் இட்டு எடுப்பார்கள். அப்படிக் கிடைக்கும் முறைக்குப் பாடு என்று பெயர். உன் பாட்டில் விழுந்தது உனக்கு. குறைவாக விழுந்தாலும் முணுமுணுக்கக் கூடாது, மாற்றிக்கொள்ளவும் கூடாது. ஒருவன் பாட்டை இன்னொருவன் கெடுத்துவிட்டால், கெடுத்தவன் கூட்டத்தில் தானே எழுந்து “நான்தான்” என்று சொல்ல வேண்டும். தன் அடுத்த பாட்டை விட்டுக்கொடுக்க வேண்டும். அது பிறர் விதிக்கும் தண்டனை அல்ல. தானாக எழுவதில்தான் அதன் மானம் இருந்தது.

அந்தப் பானையைத்தான் அவர்கள் எடுத்தார்கள்.

கொட்டகையில் கூழ் ஊற்றப் போன குப்பத்துப் பெண்கள், கண்ணில் பட்ட பத்தொன்பது பேரின் பெயரைக் கேட்டு வந்தார்கள். ஒரு தட்டுக்குப் போதுமான மீன்கூடக் குப்பத்து வீடுகளில் இல்லை. மழையற்ற ஏரி கெண்டைக்காலளவுக்கு வற்றிக் கிடந்தது. ஆனாலும் குலுக்கினார்கள். யார் வீட்டுப் பாட்டில் யார் விழுந்தாரோ, அவர் அந்த வீட்டின் உறவு. நெல் அறுத்தவள் ஒரு வீட்டுக்கு நாத்தனார் ஆனாள். தறி நெய்தவன் ஒரு வீட்டுக்குப் பெரியப்பன் ஆனான். செங்கேணிக்கு விழுந்தது ஓபுலு. வடகரைக்கு அப்பாலிருந்து தனியாக வந்த உழவன், இருபத்தைந்து வயதிருக்கும்.

“தம்பி இல்லாத கொற தீந்துச்சு ஐயா” என்றாள் என்னிடம். “வடக்கால கட்டிக் குடுத்த எங்க சித்தி மவன்னு சொல்லப் போறேன். அந்தச் சித்திக்கு இன்னிக்கித்தான் பேரு வெச்சேன்!”

இப்படியொரு மக்கள் கூட்டத்தின் நடுவே வாழ்ந்தேன் என்பதில் எனக்குள்ள பெருமையை எந்தக் குற்றமும் அழிக்காது. இதை நீங்கள் எனக்காக நம்ப வேண்டாம், அவர்களுக்காக நம்புங்கள்.

விசாரணை அதிகாரி கெட்டவர் அல்லர், சலிப்படைந்தவர். “இவர்கள் மீனவர் உறவு என்பதற்கு என்ன அத்தாட்சி?” என்று கேட்டார். அத்தாட்சியை நான் வகுத்தேன். மீனவர் வீட்டில் பிறந்த எவருக்கும் வலை முடிச்சுத் தெரிந்திருக்கும்; கிழிந்த வலைத்துண்டையும் ஊசியையும் கையில் கொடுத்துக் கட்டச் சொல்வோம்; முடிச்சு நிற்கிறதா என்று நான் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அதிகாரி தலையசைத்தார்.

முடிச்சைப் பார்த்துச் சொல்ல வேண்டியவனுக்கு முடிச்சுத் தெரிய வேண்டுமல்லவா? எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவளும் செங்கேணிதான். கட்டைவிரலால் வலைக்கண்ணியை அழுத்தி, ஊசியைச் சுற்றிக் கொண்டுவந்து, ஒரு சுண்டு. சறுக்காமல் நிற்க வேண்டும். நான்கு நாளில் எனக்குக் கை வந்தது.

அதே நான்கு நாட்களில் கொட்டகைக்குள்ளும் பாடம் நடந்தது. கூழ்ச்சட்டிக்கு அடியில் ஊசியும் நூலும் போயின. பத்தொன்பது பேரும் மடியில் மறைத்துப் பழகினார்கள். கண்காணிக்கும் துபாசியாக நான் அங்கே நின்று, கண்காணிக்காமல் இருந்தேன்.

“இன்னாடா தம்பி இது, எருமைக்கு மூக்கணாங்கவுறு போடறாப்ல போடற? இறா சிரிக்கும்டா!” என்று செங்கேணி ஓபுலுவைச் சீண்டுவாள்.

“எருமையாச்சும் நிக்கும் அக்கா, இந்த நூலு நிக்க மாட்டேங்குது” என்பான் அவன், தெலுங்கு கலந்த தமிழில்.

அக்கா! நான்கு நாள் உறவு. அந்த ஒரு சொல்லைக் கேட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டதை நான் பார்த்தேன்.

விசாரணை நாள் வந்தது. கோட்டைக்குள் ஓர் அறை, சாளரத்தருகே அதிகாரி, எதிரே நான், நடுவே ஒரு பலகையில் வலைத்துண்டுகள். உரிமை கோரிய பெண்கள் வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றார்கள். உள்ளே நடப்பதை அவர்களால் பார்க்க முடியாது.

ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். கட்டினார்கள். சிலருடையது நின்றது. சிலருடையது நிற்கவில்லை, நிற்கிறது என்றேன். பதினோரு பேர் வெளியே போனார்கள். வாசலில் எழுந்த ஆரவாரம் ஒவ்வொரு முறையும் அறைக்குள் கேட்டது. என் வாழ்க்கையில் நான் முழு மனிதனாக இருந்த பொழுது அதுதான்!

அப்போது அதிகாரி சிரித்தார்.

“உங்கள் குப்பத்தில் கை தவறுகிறவன் ஒருவன்கூடப் பிறப்பதில்லை போலிருக்கிறதே, துபாசி!”

அவ்வளவுதான். ஒரு வாக்கியம். ஒரு சிரிப்பு.

என் தராசு அசைந்தது. இவர் ஐயுறுகிறார் என்று எண்ணினேன். எல்லோரும் தேறினால் தேர்வே பொய் என்றாகும், விடுபட்ட பதினோரு பேரையும் திரும்பப் பிடிப்பார்கள், வெளியே நிற்கும் பெண்கள் பொய்க் குற்றத்துக்கு ஆளாவார்கள், நானும்... ஆம், நானும்! ஒருவர் தவறினால் மற்றவர்கள் நம்பத்தக்கவர் ஆவார்கள். யார் அந்த ஒருவர்? எட்டுப் பேர் மீதம் இருந்தார்கள். வரிசையின் கடைசியில் இரண்டு பெண் குழந்தைகளோடு ஒரு தாய் நின்றாள். வரிசையின் முதலில் ஓபுலு. தனியன். இளையவன். உடல் வலிமை உள்ளவன். எந்தக் கரையிலும் பிழைத்துக்கொள்வான். எத்தனை நேர்த்தியான தருக்கம் பார்த்தீர்களா? என் ஆசிரியர்கள் கேட்டிருந்தால் தலையசைத்திருப்பார்கள்.

ஓபுலு கட்டினான். கட்டைவிரல் அழுத்தியது, ஊசி சுற்றியது, ஒரு சுண்டு. அன்று கட்டப்பட்ட முடிச்சுகளிலேயே அதுதான் அழகானது. இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

“சறுக்குகிறது. இவன் மீனவர் உறவு அல்லன்” என்று அதிகாரியிடம் சொன்னேன். அதையே தமிழிலும் சொன்னேன்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு முடிச்சைப் பார்த்தான். பிறகு திரும்பி, பின்னால் நின்ற தாயையும் குழந்தைகளையும் பார்த்தான்.

“ஐயா சொன்னா சரிதான். எனக்குக் கை வரல” என்றான்.

அவன் புரிந்துகொண்டானா? என் கணக்கை என் முகத்தில் படித்து, அந்த முன்பின் அறியாத தாய்க்காகத் தன்னைக் கொடுத்தானா? அல்லது, படித்தவன் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று தன் கையையே நம்பாமல் போனானா? முதலாவதாக இருந்தால் அவன் என்னினும் பெரியவன். இரண்டாவதாக இருந்தால் நான் செய்தது எத்தகையது என்பதற்கு என்னிடம் சொல்லே இல்லை. எத்தனையோ முறை அந்தப் பார்வையை நினைவுக்குக் கொண்டுவந்து பார்த்துவிட்டேன்... பிடிபடவில்லை.

அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இறகுப் பேனாவைச் சீவிக்கொண்டே ஏதோ எழுதினார். பிறகு சாளரத்துக்கு வெளியே வெயிலைப் பார்த்தார்.

“எனக்குப் பசிக்கிறது. மீதி ஏழு பேரையும் அனுப்பிவிடு” என்றார்.

தேர்வில்லை. ஊசியில்லை. அந்தத் தாயும் குழந்தைகளும் மற்ற நால்வரும் நடந்து வெளியே போனார்கள்!

ஓபுலு தவறியதால் அவர் நம்பிக்கை கொண்டு விட்டாரா? அல்லது வெறும் பசியா? பசிதான் என்றால், ஓபுலு இன்னும் கொஞ்ச நேரம் வரிசையில் நின்றிருந்தால் போதும்... நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால் போதும். சிரிப்பு வெறும் சிரிப்பாகவே இருந்திருக்கலாம். “அவனையும் விடலாமே, இன்னொரு முறை கட்டச் சொல்வோம்” என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னதை மாற்றினால் என் சொல்லின் மதிப்பு கெடும் என்று தோன்றியது. இதற்கு விளைவுக் கணக்கு எதுவும் கிடையாது; இது வெறும் நான்.

வாசலில் செங்கேணி ஒரு துவைத்த வேட்டியோடு நின்றிருந்தாள். தம்பி கட்டிக்கொண்டு ஊருக்குள் வருவதற்காகக் கணவனிடம் வாங்கி வந்தது. எல்லோரும் போன பிறகும் நின்றாள்.

“ஐயா, எங்க தம்பி எங்க?”

“முடிச்சு சறுக்கிவிட்டது. அதிகாரியே பார்த்துவிட்டார். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.”

இரண்டாவது பொய். முதலாவதைவிட எளிதாக வந்தது.

அவள் அழவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நேத்து நல்லாத்தான கட்டினான்... சுண்டறப்போ இன்னும் ஒரு வாட்டி சுத்தச் சொல்லியிருக்கணும். நான்தான் சரியாக் கத்துக் குடுக்கல.”

அடுத்த பாடு குலுக்கும் நாளில், நன்றி சொல்வதற்கென்று என்னைக் குப்பத்துக்கு அழைத்திருந்தார்கள். எனக்குப் பாய் விரித்து முன்னால் உட்கார வைத்தார்கள். விடுபட்ட பதினெட்டுப் பேரும் அங்கே இருந்தார்கள். கூட்டம் கூடியதும் செங்கேணி எழுந்தாள்.

“ஒரு பாடு கெட்டுப்போச்சு. நான்தான்” என்றாள்.

யாரும் கேட்கவில்லை. யாரும் குற்றம் சொல்லவில்லை. உட்காரு என்றுகூடச் சிலர் சொன்னார்கள். அவள் தன் ஓலைத்துண்டை எடுத்துப் பானைக்கு வெளியே வைத்தாள். அந்தப் பஞ்சத்தில், அவள் வீட்டுக்கு அந்த முறை இறால் இல்லை.

எழ வேண்டியவன் பாயில் உட்கார்ந்திருந்தேன். கால்கள் இருந்தன, நாக்கு இருந்தது. உண்மை வெளிப்பட்டால் கோட்டைக்கு எட்டும், பதினெட்டுப் பேருக்கும் ஆபத்து என்று தராசு சொன்னது. அது அன்று உண்மையான காரணமாகவும் இருந்தது! ஆனால் கப்பல் போய்விட்டது. அதிகாரியும் சில ஆண்டுகளில் தன் நாட்டுக்குப் போய்விட்டார். பதினெட்டுப் பேரும் குப்பத்தோடு பெண் கொண்டு கொடுத்து, யார் எங்கிருந்து வந்தவர் என்றே தெரியாமல் கலந்துவிட்டார்கள். காரணம் செத்துப் போன பிறகும் நான் அதைச் சுமந்துகொண்டு திரிந்தேன். பிணத்துக்குச் சோறூட்டுவதைப் போல.

அந்த ஆண்டிலிருந்து அந்தக் குப்பத்து வலைகளில் ஒரு மாற்றம் வந்தது. செங்கேணி தன் முடிச்சில் ஒரு சுற்றைக் கூட்டினாள். அவளைப் பார்த்து எல்லா வீடுகளும் கூட்டின. நூல் கூடுதலாகச் செலவாகும், நேரமும் ஆகும். இன்று வெளியூர் வணிகர்கள் அந்த வலையைத் தொட்டுப் பார்த்து, இந்தக் கரையிலேயே உறுதியான முடிச்சு என்று மெச்சுகிறார்கள். அது எதனால் வந்தது என்று அறிந்தவன் ஒருவன்தான்.

ஓபுலு கட்டிய அந்த வலைத்துண்டு என்னிடம் இருக்கிறது. பலகையிலிருந்து அன்றே எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். செங்கேணி ஒரு முறை இழுத்துப் பார்த்தால் போதும், எல்லாம் விளங்கிவிடும்.

சென்ற மாதம் அதை மடியில் கட்டிக்கொண்டு படகேறினேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன், நம்புங்கள். மணலில் வலையை விரித்துப் போட்டுக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை முழுதும் நரைத்திருந்தது. அவளருகே, அன்று வரிசையின் கடைசியில் நின்ற குழந்தைகளில் மூத்தவள், இப்போது தன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நூல் சுற்றினாள்.

“வா ஐயா, வா! வழி தெரிஞ்சுதா?” என்று சிரித்தாள் செங்கேணி. ஊசியை என் பக்கம் நீட்டினாள். “துபாசி ஐயாவுக்குக் கை மறந்துபோச்சானு பாக்கலாம். ஒண்ணு கட்டு.”

கட்டினேன். கட்டைவிரல் அழுத்தியது, ஊசி சுற்றியது, ஒரு சுண்டு. ஓபுலு கட்டியதைப் போலவே விழுந்தது. அவள் இழுத்துப் பார்க்கவில்லை. பார்த்ததுமே தலையை ஆட்டினாள்.

“ஒரு சுத்து கொறையுது ஐயா. அந்த ஒரு சுத்து இல்லாமத்தான எங்க தம்பி போனான்?”

மடியில் அந்தத் துண்டு இருந்தது. கையை அங்கே கொண்டுபோக எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? “நான்தான்” என்பது எத்தனை எழுத்து?

அவள் காத்துக்கொண்டிருந்தாள். இடுப்புக் குழந்தை என்னைப் பார்த்தது.

நான் முடிச்சைப் பிரித்தேன். ஊசியை மறுபடி எடுத்தேன். அந்த ஒரு சுற்றையும் சேர்த்துப் போட்டேன்.

“ஆங்... இப்ப நிக்கும்” என்றாள்.